நேசம்மாள் கேட்ட நியாயம்

"ஏட்டி பூங்கனி, இது அரிசியா, எலிப்புழுக்கையா?"

மிஷன் போர்டிங் பள்ளியின் சமையற்கட்டு வாசலில், சுளகை மடியில் வைத்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த பூங்கனி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எதிரே அவளைப் பெற்ற தாய் நேசம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தாய்க்குப் பின்னால், முந்திரிக்கொத்துப் பானையைத் தோளில் தாங்கியவராய்த் தகப்பனார் ஞானையன் நின்றார். பேசும் பொறுப்பை மனைவியிடமும் சுமக்கும் பொறுப்பைத் தம்மிடமும் வைத்து இல்லறம் நடத்திவரும் சாது அவர்.

கொல்லம் ஆயிரத்து நூற்றெட்டாம் ஆண்டு, பங்குனி மாதம், பெற்றோர் பிள்ளைகளைக் காண அனுமதிக்கப்பட்ட சனிக்கிழமை. ஐந்து மைல் வெயிலில் நடந்து வந்த நேசம்மாளின் கண்களில் மகளின் முகத்துக்கு முன்பாக அந்த அரிசியே பட்டுவிட்டது.

"வண்டுல்லா ஊருது! கல்லும் உமியும் வேற. இதையாக்கும் எனக்க பிள்ளைக்கு வடிச்சுப் போடுதாவ?"

"இந்த ஒரு வாரமாத்தாம்மா இப்படி. பொறுக்கிட்டா ஒண்ணும் தெரியாது. நீ வா, மரத்து மூட்டுல போய் இருப்போம்" என்று பூங்கனி தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா கெட பிள்ள! கேக்க ஆளில்லாததுனாலத்தான் இவியளுக்கு இவ்வளவு திமிரு!"

நேசம்மாளின் குரல் பெயர் பெற்ற குரல். ஜெபக்கூட்டத்தில் அவள் ஜெபிக்கத் தொடங்கினால், பக்தர்கள் பாதியிலேயே கண்ணைத் திறந்து உட்காரும் இடத்தை மாற்றிக்கொள்வது வழக்கம். அத்தகைய குரல் சமையற்கட்டு வாசலில் எழும்பியதும், பிள்ளைகளைப் பார்க்க வந்த தாய்மார் பதினைந்து பேர் ஓடிவந்து சூழ்ந்துகொண்டனர். மேட்ரன் சத்தியபாய் அம்மாளும் கைவேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"என்னம்மா இது, சந்தை மாதிரி?"

"சந்தையில இந்த அரிசியை வித்தா, வித்தவனுக்குத் தோலை உரிச்சிருப்பாவ. நீங்க திம்பியளா இதை? ஒங்க வெள்ளைக்கார மதாம்மா திம்பாவளா?"

"நாங்க விலைக்கு வாங்கினதில்லையம்மா. சபைகள்ல பெண்கள் சோறு வடிக்கும்போது ஆண்டவருக்குன்னு எடுத்து வைக்கிற பிடியரிசி. வந்ததைச் சமைக்கிறோம்."

"ஆண்டவருக்கா?" நேசம்மாள் மார்பில் அறைந்துகொண்டாள். "கேட்டியளா பெண்ணுவளே! ஆண்டவருக்குக் குடுக்குத அரிசியாக்கும் இது! அவளுவளுக்குக் குடும்பம் வெளங்குமா? பெத்த பிள்ளை நல்லாருக்குமா?"

"நல்லாக் கேளுங்க அக்கா!" என்றாள் இரணியல்காரி ஒருத்தி.

"எந்தச் சபை அது? சொல்லுங்க, நடுத்தெருவுல வச்சு அவளுவள நாலு கேள்வி கேக்கேன்."

சத்தியபாய் அம்மாள் பூங்கனியை ஒருமுறை பார்த்தாள். "அதைச் சொல்றது முறையில்லையம்மா" என்றாள்.

"முறையில்லியா? அப்பம் எனக்க பிள்ளைக்கு இந்தப் படிப்பும் வேண்டாம். ஏட்டி, பெட்டியை எடு!"

பூங்கனி பெட்டியை எடுக்கப் போகவில்லை. ஏழாம் வகுப்புப் பரீட்சைக்கு எட்டே நாட்கள் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன்பு, காய்ச்சல் என்று இதே தாய் அழைத்துச் சென்ற அக்காள் திரும்பி வரவேயில்லை. காய்ச்சல் இறங்கிய மாதமே அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது.

"பரீட்சைக்கு முன்னால போற பிள்ளையைத் திரும்பச் சேர்க்க முடியாது. அது சட்டம். நல்லா யோசிச்சுக்கிடுங்க" என்றாள் சத்தியபாய் அம்மாள்.

"பரீட்சை கழிஞ்சு கூட்டீட்டுப் போனா என்னா?" என்று ஞானையன் பானைக்கு அடியிலிருந்து மெல்லக் கேட்டார்.

"நீரு மிண்டாம நில்லும்! புழுவைத் தின்னு வாத்திச்சி ஆவாண்டாம். ஒண்ணு அந்த ஊரு பேரை இப்பம் சொல்லணும். இல்லெங்கி பிள்ளை எனக்க கூட வரணும்!"

"நான் சொல்லுதேன்" என்றாள் பூங்கனி.

"வேண்டாம் பிள்ளே" என்று சத்தியபாய் அம்மாள் தடுத்தாள். ஆனால் அதற்குள் அந்தப் பெண் உள்ளே போய்ப் பாதி காலியான சாக்கு ஒன்றை வாசல்வரை இழுத்து வந்துவிட்டாள். சாக்கின் மேல் கரிமையால் இரண்டு வரி எழுதியிருந்தது. நேசம்மாளுக்கு எழுத்துத் தெரியாது.

"படி மக்கா, உரக்கப் படி! எல்லாரும் கேக்கட்டும்!"

பூங்கனி தலை நிமிராமல் உரக்கப் படித்தாள்.

"பூவன்விளைச் சபை. மாசிமாதப் பிடியரிசி."

கூடிநின்ற தாய்மார் அத்தனை பேரும் நேசம்மாளைத் திரும்பிப் பார்த்தனர். பூவன்விளை எந்த ஊர், யாருடைய ஊர் என்பது அங்கே சகலருக்கும் தெரியும்.

"எங்க... எங்க ஊரு பிடியரிசி சபை உபதேசியாரு வீட்டுக்குல்லா போகும்!" என்றாள் நேசம்மாள். பெயர் பெற்ற அந்தக் குரல் இப்போது அடுத்தவளுக்கு எட்டவில்லை.

"தை மாசம் வரைக்கும் அப்படித்தான். மாசியிலருந்து போர்டிங்குக்கு மாத்தியாச்சு" என்றாள் சத்தியபாய் அம்மாள்.

நேசம்மாள் சாக்கினுள் எட்டிப் பார்த்தாள். கோழி கொத்திப் பார்த்துவிட்டு விலகிப்போன தன் வீட்டு அரிசியை, "உபதேசியாருக்கு இது மதி, போதும்" என்று நான்கு படி நிறைய அளந்து, ஆண்டவருக்கென்று மனதாரப் போட்டவள் அவளே.