ஐம்பதில் ஒன்று

ஐம்பது வண்டுகளும் காலை மடக்கிக்கொண்டு கிடந்தன.

வெள்ளைத் தாளில் கொட்டி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. குளிர் விட்டதும் நடக்கும் என்று தனலட்சுமி மேடம் சொல்லியிருந்தார். ஒன்றுகூட நடக்கிற வழியாகத் தெரியவில்லை.

காப்பிச் செடியின் பட்டையைத் துளைக்கிற வண்டு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. ஏற்காட்டு ஆய்வக ஃபிரிட்ஜில் நூறு நாள் வைத்திருந்தார்கள். இன்று ஒன்றாவது எழுந்து நடந்தால் மேடத்தின் ஆராய்ச்சி தொடரும். கரண்ட் போனபோதெல்லாம் ஐஸ் வைத்துக் காத்த உதவியாள் ஆராயிக்கு வேலை நிரந்தரம். நடக்காவிட்டால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

பார்த்துக் கையெழுத்துப் போட, பெரிய அதிகாரி பழனிசாமி சேலத்திலிருந்து வந்திருந்தார்.

கூத்து என்னவென்றால், ஆராயி இந்த வேலைக்கு வருமுன் இருபது வருஷம் நாகலூர் எஸ்டேட்டில் இதே வண்டை நசுக்கிச் சம்பளம் வாங்கியவள். பட்டையைச் சுரண்டுவாள். வண்டு தலையைக் காட்டினால் கட்டைவிரலால் ஒரு அழுத்து. யோசிக்கிற வேலையே இல்லை, கை தானாகப் போகும். ஆய்வகத்துக்கு வந்த முதல் வாரமே ஏழு போயிற்று. மேடம் அழாத குறை.

அதனால் இன்று ஆராயியே கேட்டு, மேடத்திடம் தன் இரண்டு கைகளையும் துண்டால் கட்டச் சொல்லிவிட்டாள். அதிகாரியிடம் கையில் அடி என்று சொல்லிவைத்தார்கள்.

ஒரு வண்டு காலை அசைத்தது.

மேடம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொரு கால். புரண்டது. தூக்கக் கலக்கத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியவன் மாதிரி நாலடி நடந்தது.

ஆராயிக்குக் கை துறுதுறுத்தது. சேர்வராயா, என் கையைப் பிடித்துக்கொள் என்று மலைச்சாமியை வேண்டினாள். கட்டு இறுக்கமாகத்தான் இருந்தது.

டக்.

தாளில் ஒரு பழுப்புப் புள்ளி. அதன்மேல் பெரிய அதிகாரியின் கட்டைவிரல்.

அவர் அந்த விரலை யாருடையதோ போலப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"எங்கம்மாவுக்கு வாழவந்தி எஸ்டேட்டுல வேலைங்க. லீவுல நானும் கூடப் போயிப் போயி..." என்று முனகினார்.

மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆராயி முந்திக்கொண்டாள்.

"ஏனுங்க சார், செத்துப்போனதப் போயி யாராச்சும் நசுக்குவாங்களா?"

பழனிசாமி குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

பிறகு விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து எழுதினார். உயிருடன்: ஒன்று.