கணப்படுப்புக்குப் பின்னால்

செல்வராஜ் கடப்பாரையால் நெம்பியதும், சுவருக்குள் பதிந்திருந்த பழைய கணப்படுப்பு ஒரு சாண் முன்னால் வந்தது. ஆக்லாந்தில் முதல் குளிர்காலம். புது அடுப்பு வராந்தாவில் காத்திருந்தது. அதைத் தூக்க வருவதாகச் சொன்ன நண்பர் கவிநேசனை, நகரின் இன்னொரு பகுதியான ஒனிஹங்காவிலிருந்து இன்னும் காணோம்.

அடுப்புக்குப் பின்னாலிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தது. கடப்பாரை கை நழுவியது.

“ஸ்வர்ணா! பாம்பு!”

சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவிக்கு முகம் வெளுத்தது. “ஐயோ, சீறுது! அடிச்சிடாதீங்க. நல்ல பாம்புன்னா நம்மள விடாது.”

“நான் எங்க அடிக்க? காலே நகரல.”

“சூடம் காட்டிக் கும்பிட்டா தானா போயிடும். எங்க ஊர்ல அப்படித்தான்.” சாமி அலமாரிக்கு ஓடினாள்.

வாசலில் கவிநேசன் வந்து நின்றார். “என்ன தம்பி, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீர்?”

“உள்ள வராதீங்கண்ணே! பாம்பு!”

கவிநேசன் வயிறு குலுங்கச் சிரித்தார். “இந்த நாட்டிலை பாம்பே இல்லைத் தம்பி! இதைக்கூட ஒருத்தரும் சொல்லேல்லையே?”

செல்வராஜுக்குப் போன உயிர் திரும்பியது. தூசுக்குக் கட்டியிருந்த முகமூடியை இறக்கிவிட்டு அவனும் சிரித்தான்.

சத்தம் நிற்கவில்லை. மூக்கில் அழுகிய முட்டை வாடை ஏறியது. அவன் பெயர்த்தது விறகு அடுப்பல்ல, கேஸ் அடுப்பு.

சூடத்தட்டோடு ஸ்வர்ணா அடுப்பருகே குனிந்திருந்தாள். குச்சியின் தலை தீப்பெட்டியைத் தொட்டுவிட்டது.

செல்வராஜ் அந்தக் கையின் மேல் பாய்ந்தான்.