அவிழ்ந்த மடி

முகத்துவாரத்தில் ஏரித் தண்ணீர் கடலை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மூச்சை அடக்கி, கை கால் அசைக்காமல், அந்த இழுப்பிலேயே அடியில் மிதந்து வருகிறான் கன்னியப்பன். சீட்டுக் குலுக்கியதில் இன்றைக்கு இங்கே வலை கட்டும் பாடு அவனுக்குத்தான் விழுந்தது. முந்திக்கொண்டு வந்து கட்டிவிட்டான் மாமன் ஆதிகேசவன். கலங்கிய பச்சை வெளிச்சத்தில் புது நைலான் வலை புடைத்து நிற்கிறது. ஒரு வலைக்கண்ணைக்கூட கன்னியப்பன் அறுக்கவில்லை; பிடிபட்டது சேரும் பையான மடியின் வால்முடிச்சை மட்டும் அவிழ்த்துவிடுகிறான். இறால்கள் அவன் விலாவை உரசிக்கொண்டு கடலுக்குப் பாய்கின்றன. அவற்றோடு போய், வெயிலில் தலையைத் தூக்குகிறான். படகில் பீடியும் சிரிப்புமாக ஆதிகேசவன்.

“இன்னாடா, பாடு போச்சின்னு குளிக்க வந்துட்டியா?”

“ஆமா மாமா. இழுப்பு ஜோரா கீது. அவசரப்பட்டு வலையத் தூக்கிடாத. தண்ணி நிக்கிறவரைக்கும் குந்து. மடி நல்லா ரொம்பட்டும்!”