கதவிலிருந்து சன்னல் வரை

டாக்டர் வீடு என்று முன்பே தெரிந்திருந்தால் இந்த வேலைக்கு வந்திருக்கவே மாட்டேன்.

மன்னார்குடியில் புது வீடு, ஹாலில் ஒரு சுவருக்குப் பெயின்ட், ஒரு நாள் வேலை என்றுதான் மேஸ்திரி சொன்னார். வந்து பார்த்தால் வாசலில் டாக்டர் ஜெயபாரதி என்று பலகை தொங்குகிறது.

எனக்குப் பகீரென்றது. ஆறு மாதமாக என் வலது கை லேசாக நடுங்குகிறது. வெளியே தெரிந்தால் இந்த ரெத்தினத்தைச் சாரத்தில் ஏற்ற எந்த மேஸ்திரிக்கும் துணிச்சல் வராது. மறுபடி வயல் கூலிக்குத்தான் போகவேண்டும். அதற்கும் கை வேண்டுமே! மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

டாக்டரம்மா கேட்டது வெள்ளைச் சுவரும், மேலே ஓரமாக ஒரு பச்சைக் கோடும். நேர்கோடு. போன வருஷம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இழுத்திருப்பேன்.

"கோடெல்லாம் பழசாயிடுச்சு மேடம். டிரை பிரஷ் போட்டுத் தரேன், பாருங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிரஷ் நுனியில் பெயின்ட்டைப் பட்டும் படாமல் தொட்டு, அதையும் அட்டையில் துடைத்துவிட்டு, காய்ந்த சுவரில் குறுக்கும் நெடுக்குமாக உரச வேண்டும். அடியில் இருக்கும் வெள்ளை அங்கங்கே தெரியும். கோணலாகப் போனால்தான் அழகு. நடுங்குகிற கைக்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடையாது.

காலையில் கதவோரம் ஆரம்பித்தேன். டாக்டரம்மா ஹால் பக்கம் வரும்போதெல்லாம் கையைச் சுவரோடு அழுத்திக்கொண்டேன். முதுகு நனைந்துவிட்டது. மூன்று மணிக்குச் சன்னலோரம் முடித்ததும் முதல் வேலையாகக் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

வேலையைப் பார்க்க வந்த டாக்டரம்மா என் கையைப் பார்க்கவே இல்லை. சுவரைத்தான் பார்த்தார். அப்பாடா என்றிருந்தது.

கதவோரம் போய், நான் பிரஷால் இழுத்த ஒரு இழுப்பின்மேல் விரல்களை விரித்து வைத்தார். ஒரு சாண் இருந்தது. இரண்டடி நகர்ந்து இன்னொன்றின்மேல் வைத்தார். சன்னலுக்கு வந்தபோது என் இழுப்பு அவருடைய சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

எல்லாவற்றையும் ஒரே அளவாகத்தான் இழுத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்கண்ணே. எழுதும்போதும் போகப் போக எழுத்து சின்னதாயிடுதா?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

போன வாரம்தான் என் மகள் தமிழ்நிலா காலேஜ் ஃபாரத்தில் பத்து இடத்தில் கையெழுத்து வாங்கினாள். பத்தாவது கையெழுத்து கண்ணுக்கே தெரியவில்லை என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பேனா சரியில்லை என்று சொல்லி நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.