இன்னும் கொஞ்சம் கறுப்பு

துறைமுக வீதியில் இருக்கும் தன் ஸ்டூடியோவில், ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு முனீப் மூன்றாவது தடவையாக நிறம் போட்டான். கணினித் திரையில் இளவயதுச் சீதேவி பளிச்சென்று சிரித்தாள்.

பக்கத்துக் கதிரையில் இருந்த அசல் சீதேவிக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னும் கறுக்க வேணும், தம்பி."

"அக்கா, உங்களைப் பாத்துத்தானே நிறம் போட்டனான். நீங்கள் நல்ல வெள்ளைதானே."

"அது எனக்குத் தெரியும். நீங்கள் கறுப்பாக்குங்கோ."

முனீப்புக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. கல்யாணப் படமோ அடையாள அட்டைப் படமோ, வெள்ளையாக்கச் சொல்லித்தான் இந்த ஊர் ஆட்கள் அவன் உயிரை எடுப்பார்கள்.

"இதுக்கு மேல ஏலாது. படம் பழுதாப் போகும். பிறகு ஆக்கள் என்ர வேலையைத்தான் பழிப்பினம்."

"பழிச்சாப் பழிக்கட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு கறுப்பாக்கினான்.

அப்போது பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பிள்ளை உள்ளே வந்தாள். நல்ல கறுப்பு.

"அம்மா, பஸ் வரப்போகுது."

சீதேவி திரையைக் காட்டினாள். "பாத்தியா ஜதுசா? உன்ர வயசில நானும் உன்னைப் போலதான். வெயில் படாமல் இருந்துதான் வெளுத்துப் போனன்."

ஜதுசா படத்தையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப, என்னை எங்கயோ எடுத்து வளக்கிறீங்கள் எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லுறது பொய்யா?"

சீதேவி திரும்பவும் திரையையே காட்டினாள். பிள்ளை முனீப்பின் பக்கம் திரும்பினாள்.

"முனீப் நானா, இது நீங்கள் போட்ட நிறமா?"

"இல்லை மகள்," என்றான் முனீப். "கம்ப்யூட்டர் தானாக் கண்டுபிடிச்ச நிறம். நான் கையே வைக்கேல்லை."