முட்டுக்கல்

நாளைக்கு இன்னாசி தன் ஜீப்பை ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும். பெயின்ட் அடித்து, லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் பார்த்தாயிற்று. புது ஹேண்ட் பிரேக் நிற்கிறதா என்று பார்க்க, பட்டறைக்கு எதிர் மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தச் சொன்னான் மெக்கானிக் காதர். இருபது வருஷமாக அந்த ஜீப்புக்கு ஹேண்ட் பிரேக்கே கிடையாது. எஃப்.சி. அன்றைக்கு மட்டும் எதையாவது இழுத்துக் கட்டிக் காட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் அவர் பெண்டாட்டி செபஸ்திதான். மலைச்சரிவில் எங்கே நின்றாலும், இன்னாசி பிரேக்கை மிதித்தபடி இருக்க, காலடியில் கிடக்கும் கல்லோடு அவள் குதித்து, பின் டயருக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவாள். அதற்கப்புறம்தான் புருஷன் காலை எடுப்பார். “கேபிளை மாத்தேன்யா” என்று யாராவது சொன்னால் அவளே முந்திக்கொண்டு, “அதான் நான் இருக்கேன்ல” என்பாள். ஆடியில் அவள் காய்ச்சலில் போய்ச்சேர்ந்த பிறகுதான் மாற்றினார்.

“லிவரை இழுத்துட்டீங்கள்ல? இப்ப காலை எடுங்கண்ணே.”

இன்னாசி எடுக்கவில்லை.

“பிடிக்கும்ணே, நம்பி எடுங்க.”

கால் வரவில்லை.

“ஆபீசர் முன்னாடியும் இப்படியே உக்காந்திருந்தா திருப்பி அனுப்பிருவாரு” என்று சலித்துக்கொண்டே பின்னால் போன காதர், தகரத்தில் இரண்டு தட்டு தட்டினான்.

“கைய எடுத்துக்க, புள்ள” என்று சொல்லிவிட்டு இன்னாசி காலை எடுத்தார். வண்டி அசையாமல் நின்றது.