மூணாவது வருஷம்

நாலு வயதாகியும் பேசாத மகனைப் பேச்சுப் பயிற்சிக்காக ஜீவனஹள்ளியிலிருந்து பேச்சு, செவித்திறன் கல்லூரி ஒன்றுக்கு அழைத்து வந்து வந்து ரேவதிக்கு அலுத்துவிட்டது. பெஞ்சில் பக்கத்திலிருந்த பெண்ணும் களைத்துத்தான் இருந்தாள்.

"நீங்க எத்தனை நாளா வர்றீங்கக்கா?"

"இது மூணாவது வருஷம்மா. என் பையனுக்குப் பத்து வயசு."

"இப்பப் பேசறானா?"

"இல்லை. பசிச்சா படத்தைக் காட்டிக் கேக்கறான். முன்னெல்லாம் சுவத்துல தலையை முட்டிக்குவான்."

இத்தனை வருஷத்துக்கு இவ்வளவுதானா? ரேவதி எழுந்தாள். "அப்ப நான் கிளம்பறேங்க்கா."

"கொஞ்சம் இரும்மா." அந்தப் பெண் பையிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "அவனுக்காகத்தான் இங்கே பேச்சுப் பயிற்சிப் படிப்புல சேர்ந்தேன், இப்ப மூணாவது வருஷம். இன்னைக்கு உன் பையனுக்குப் பயிற்சி தரப்போறது நான்தான். அவனுக்கு என்ன பிடிக்கும்?"

"பஸ்ஸுன்னா உசுரு," என்று ரேவதி மறுபடி உட்கார்ந்தாள்.